செய்தியும் கருத்தும்: வால்ட்டர் கிராங்கைட்டின் தொலைக்காட்சிப் பணி – ஒரு மறுமதிப்பீடு

ஆய்வுச்சுருக்கம்

அமெரிக்காவின் சி.பி.எஸ். தொலைக்காட்சியில் 1962 முதல் 1981 வரை மாலைச் செய்தியை வழங்கிய வால்ட்டர் கிராங்கைட்டின் பெயர், 1968 பிப்ரவரி 27 அன்று வியட்நாம் போர் குறித்து அவர் கூறிய ஒரு கருத்தோடு பிரிக்கவியலாதபடி பிணைக்கப்பட்டுள்ளது. அக்கருத்து ஓர் அதிபரையே அசைத்தது என்னும் பரவலான நம்பிக்கையைச் சான்றுகள் தாங்கவில்லை. செய்திக்கும் கருத்துக்கும் இடையே அவர் தமக்கென வகுத்துக்கொண்ட நடைமுறை எல்லையே அவர் பணியின் தனித்தன்மை என்பதையும், அவ்வெல்லை அவரிடமே நெகிழ்ந்த இடங்களையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: தொலைக்காட்சிச் செய்தி, செய்தி நெறியாளர், கிராங்கைட், வியட்நாம் போர், நம்பகத்தன்மை, ஊடகத் தொன்மம்

சொல்லும் பணியும்

‘செய்திகள் வாசிப்பது’ என்று தொடங்கி வாசிப்பவரின் பெயரைச் சொல்லும் வானொலி மரபு தமிழ்ச் செவிகளுக்குப் பழகியது. சரோஜ் நாராயணசுவாமியின் பெயரைக் கேட்டவுடன் பலருக்கு அத்தொடரே முதலில் நினைவுக்கு வரும். வாசிப்பவர் என்னும் சொல் தன் எல்லையைத் தானே அறிவித்துவிடுகிறது: எழுதியவர் வேறு, தேர்ந்தவர் வேறு, ஒலிப்பவர் இவர். பிரித்தானிய ஒலிபரப்பு மரபும் இதே பிரிவினையைக் கொண்டிருந்தது. விவாத நிகழ்ச்சிகள் பெருகியபின் தமிழில் நிலைபெற்ற ‘நெறியாளர்’ என்னும் சொல் இதிலிருந்து வெகுதூரம் விலகி நிற்பது. வழிநடத்துபவர் என்னும் அதிகாரம் அதில் முன்கூட்டியே வழங்கப்பட்டுவிடுகிறது.

அமெரிக்க வழக்கு மூன்றாவது ஒன்று. அங்கு இப்பணியைக் குறிக்கும் ‘ஆங்கர்’ என்னும் சொல் நங்கூரத்தைச் சுட்டுவது. தொடரோட்ட அணியில் இறுதியாக ஓடுபவரையும் அது குறிக்கும். 1952ஆம் ஆண்டு அமெரிக்கக் கட்சி மாநாடுகளின் ஒளிபரப்பில் கிராங்கைட்டின் பணியைக் குறிக்கவே இச்சொல் முதன்முதலாக ஆளப்பட்டது என்று நெடுங்காலம் எழுதப்பட்டு வந்தது. ஆயினும் 1940களின் இறுதியிலேயே என்.பி.சி.யின் வினாவிடை நிகழ்ச்சி ஒன்றில் ஜான் கேமரன் ஸ்வேசிக்கு இப்பெயர் வழங்கியமை பின்னர் எடுத்துக்காட்டப்பட்டது. சுவீடன் நாட்டில் செய்தி நெறியாளரைக் ‘கிராங்கைட்டர்’ என்றே அழைப்பர் என்பது அவரைப் பற்றிய மற்றொரு செய்தி. இரங்கல் குறிப்புகள் வரை தொடர்ந்த இக்கூற்றுக்கு எவ்விதச் சான்றும் இல்லை என்பதை மொழியியலாளர் பென் சிம்மர் 2009இல் எடுத்துரைத்தார்.

இவை சிறு பிழைகள்தாம். எனினும் கவனிக்கத்தக்க ஒன்று இவற்றில் உண்டு. சரிபார்க்காத எதையும் சொல்லாதவர் என்று போற்றப்பட்ட ஒருவரின் வாழ்க்கை வரலாறு, சரிபார்க்கப்படாத செய்திகளால் நிரம்பியிருக்கிறது. அவற்றுள் மிகப் பெரியதற்கு இக்கட்டுரை பின்னர் வரும்.

செய்தி முகமைப் பயிற்சி

கிராங்கைட் 1916 நவம்பர் 4 அன்று மிசௌரி மாநிலத்தின் செயின்ட் ஜோசப் நகரில் பிறந்தவர். டெக்சாஸ் பல்கலைக்கழகப் படிப்பை இடையில் நிறுத்தி இதழியலுக்கு வந்தார். 1936இல் கான்சாஸ் நகரத்து வானொலி நிலையம் ஒன்றில் ‘வால்ட்டர் வில்காக்ஸ்’ என்னும் புனைபெயரில் விளையாட்டுச் செய்திகளை வழங்கினார். தந்தி வழியே வந்த சுருக்கமான குறிப்புகளை வைத்துக்கொண்டு, மைதானத்தில் இருந்து காண்பவர்போல் ஆட்டத்தை வருணிப்பது அக்கால வழக்கம். அதையும் அவர் செய்தார். அதே நிலையத்தில், ஒரு தீ விபத்துச் செய்தியைத் தீயணைப்புத் துறையிடம் உறுதிசெய்யாமல் ஒலிபரப்ப மறுத்ததால் வேலையை இழந்ததாகத் தம் தன்வரலாற்றில் அவர் பதிவுசெய்துள்ளார். கற்பனையில் ஆட்டத்தைப் படைப்பதற்குத் தயங்காத இளைஞர் தீயை மட்டும் கற்பனை செய்ய மறுத்தார் என்பதை, பிற்காலப் புகழுரைகள் போல முரணற்ற நேர்மைக்குச் சான்றாகக் கொள்ள வேண்டியதில்லை. எது பொழுதுபோக்கு, எது செய்தி என்னும் கோட்டை அவர் தொடக்கத்திலேயே ஓரிடத்தில் வரைந்துவிட்டார் என்று கொள்வதே பொருந்தும்.

1937 முதல் யுனைடெட் பிரஸ் என்னும் செய்தி முகமையில் பணியாற்றினார். இரண்டாம் உலகப்போரில் வட ஆப்பிரிக்காவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் எழுதினார். ஜெர்மனியின் மீது குண்டுவீசச் சென்ற வானூர்தியில் உடன்சென்றார். நூரெம்பர்க் விசாரணையைப் பதிவுசெய்தார். பின்னர் மாஸ்கோ அலுவலகத்திற்குத் தலைமை ஏற்றார். போர்க்காலத்திலேயே சி.பி.எஸ். வானொலியின் எட்வர்டு மரோ அவரைத் தம் குழுவுக்கு அழைத்தார். முதலில் இசைந்த கிராங்கைட், முகமை ஊதியத்தை உயர்த்தியதும் மறுத்துவிட்டார். 1950இல்தான் சி.பி.எஸ். நிறுவனத்தில் சேர்ந்தார்.

மரோவுக்கும் கிராங்கைட்டுக்கும் இடையிலான வேறுபாடு மனப்போக்கு சார்ந்தது மட்டுமன்று, பயிற்சி சார்ந்தது. மரோவின் செய்தியில் ஒரு மனிதரின் பார்வை, அவர் நிற்கும் இடம், அவர் உணர்ச்சி யாவும் உண்டு. 1954இல் செனட்டர் ஜோசப் மெக்கார்த்தியை எதிர்த்து அவர் வழங்கிய நிகழ்ச்சி அதன் உச்சம். முகமைச் செய்தியாளனுக்கோ முகமில்லை. அவன் எழுதுவது எல்லா அரசியல் சார்புகளையும் கொண்ட நூற்றுக்கணக்கான நாளிதழ்களுக்குச் செல்வது. கருத்து கலந்தால் பயனற்றுப்போகும். பதினோரு ஆண்டு முகமைப் பழக்கத்தை, முகமே முதன்மையான ஓர் ஊடகத்திற்குள் கிராங்கைட் கொண்டுவந்தார். அவரது பணியின் சுவையான இழுபறி அனைத்தும் இதிலிருந்தே தொடங்குகிறது.

அரை மணி நேரமும் ஆசிரியப் பொறுப்பும்

1962 ஏப்ரல் 16 அன்று டக்ளஸ் எட்வர்ட்சிடமிருந்து மாலைச் செய்தியை அவர் ஏற்றார். அப்போது அது கால் மணி நேர நிகழ்ச்சி. 1963 செப்டம்பர் 2 அன்று அரை மணி நேரமாக விரிந்தது. அதிபர் கென்னடியுடனான நேர்காணல் அந்த முதல் நாளில் இடம்பெற்றது. படப்பிடிப்பு அரங்கைச் செய்தியறைக்குள்ளேயே அமைத்துக்கொண்டதும், ‘நிர்வாக ஆசிரியர்’ என்னும் பொறுப்பைப் பெற்றதும் பார்வையாளர் அதிகம் கவனிக்காத மாற்றங்கள். எது முதற்செய்தி, எது எத்தனை நொடி, எது வேண்டாம் என்று தீர்மானிப்பதில் வாசிப்பவருக்கும் இடம் கிடைத்தது. வாசிப்பவர் என்னும் சொல் அவருக்குப் பொருந்தாமற்போவது இந்த இடத்தில்தான்.

விளம்பரம் போக எஞ்சுவது ஏறத்தாழ 22 நிமிடம். அதன் எழுத்துவடிவம் முழுவதும் ஒரு நாளிதழின் முதல் பக்கத்தைக்கூட நிரப்பாது என்பதை அவரே பலமுறை கூறியுள்ளார். செய்தியை முழுமையாக அறிய நாளிதழைப் படியுங்கள் என்றும் வற்புறுத்தியுள்ளார். தம் ஊடகத்தின் போதாமையை இப்படி வெளிப்படையாகப் பேசிய தொலைக்காட்சியாளர் அரியர். நிறுத்தி நிதானமாகப் பேசும் அவர் பாணியும் இதன் பகுதியே: சொல்வதற்கு இடம் குறைவு என்னும்போது விரைந்து பேசுவதைவிடக் குறைவாகத் தேர்வதையே அவர் மேற்கொண்டார்.

1963 நவம்பர் 22 இம்முறையின் கடும் சோதனை. டல்லஸ் நகரில் அதிபர் சுடப்பட்ட செய்தி வந்தபோது படக்கருவி இயங்கத் தயாராகச் சற்றே நேரம் தேவைப்பட்டது. எனவே நிறுவனத்தின் அறிவிப்புப் பலகை மட்டும் திரையில் நிற்க, குரல் மட்டுமே முதலில் சென்றது. முகமை எழுத்தாளரின் குரல் முகமின்றி ஒலித்தது தற்செயல்தான், ஆனால் பொருத்தமானது. பின்னர்த் திரையில் தோன்றிய அவர், அதிபர் இறந்துவிட்டார் என்று டல்லஸ் செய்தியாளர் வழியாகவும் மருத்துவமனை வட்டாரத்திலிருந்தும் வந்த தகவல்களை மறைக்கவில்லை. ஒவ்வொன்றையும் யார் சொன்னது, அது உறுதியானதா என்னும் குறிப்போடு மட்டுமே சொன்னார். அதிகாரப்பூர்வச் செய்தித்தாள் கைக்கு வந்தபின்தான் மரணத்தை மரணமாக அறிவித்தார். கிழக்குப் பகுதி நேரம் அப்போது 2.38. கண்ணாடியைக் கழற்றிச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக் குரல் தழுதழுத்த அக்கணமே மீண்டும் மீண்டும் ஒளிபரப்பப்படுகிறது. அதற்கு முந்திய நீண்ட நேரம் – உறுதியாகாததை உறுதியாகாதது என்று பெயரிட்டுக்கொண்டே பேசிய நேரம் – எவராலும் மறுஒளிபரப்புச் செய்யப்படுவதில்லை. ஆயினும் அக்கண்ணீரை நம்பத்தக்கதாக ஆக்கியது அந்த நேரமே.

இத்தனைக்குப் பின்னும் அவர் முதலிடத்தில் இல்லை. என்.பி.சி.யின் ஹன்ட்லி–பிரிங்க்லி இணையே முன்னணியில் இருந்தது. 1964 கோடையில் குடியரசுக் கட்சி மாநாட்டில் பார்வையாளர்களை இழந்ததால், அடுத்து வந்த ஜனநாயகக் கட்சி மாநாட்டின் தொகுப்புப் பணியிலிருந்து அவரை நீக்கி ராபர்ட் டிரவுட், ராஜர் மட் ஆகிய இருவரை நிறுவனம் அமர்த்தியது. பிறவி நம்பிக்கைநாயகர் என்னும் பிம்பத்தோடு இந்நிகழ்வு பொருந்துவதில்லை; ஆகையால் புகழுரைகளில் இது ஓரத்திற்குத் தள்ளப்படுகிறது. 1960களின் பிற்பகுதியில்தான் நிலைமை மாறியது.

1968 பிப்ரவரி 27

வியட்நாமில் 1968 ஜனவரி இறுதியில் தொடங்கிய டெட் தாக்குதலுக்குப் பின் கிராங்கைட் அங்கு நேரில் சென்றார். பிப்ரவரி 27 இரவு ஒளிபரப்பான சிறப்பு நிகழ்ச்சியின் இறுதியில், போர் முட்டுநிலையில் சிக்கியுள்ளது, பேச்சுவார்த்தையே அறிவார்ந்த வழி என்று கூறினார். அது தம் சொந்தக் கருத்து என்பதை முன்னரே அறிவித்துவிட்டுத்தான் கூறினார். அதைக் கண்ட அதிபர் லிண்டன் ஜான்சன் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, கிராங்கைட்டை இழந்தால் நாட்டின் நடுத்தர மக்களையே இழந்ததாகும் என்று சொன்னதாகவும், அதன் விளைவாக மார்ச் 31 அன்று தேர்தலிலிருந்து விலகினார் எனவும் கதை செல்கிறது.

ஜோசப் கேம்பல் 2010இல் வெளியிட்ட ஆய்வு இக்கதையைக் கூறுகூறாகப் பிரித்துக் காட்டியது. நிகழ்ச்சி ஒளிபரப்பான வேளையில் ஜான்சன் வெள்ளை மாளிகையில் இல்லை. டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரில் ஆளுநர் ஜான் கானலியின் பிறந்தநாள் விழாவில் இருந்தார். அவர் கூறியதாகச் சொல்லப்படும் வாக்கியமே நூலுக்கு நூல் வேறுபடுகிறது: சிலவற்றில் நடுத்தர மக்கள், சிலவற்றில் நாடு, சிலவற்றில் போர். பாடவேறுபாடுகளோடு பழகிய தமிழாய்வாளருக்கு இது புதிதன்று. மூலபாடம் ஒன்று இல்லாதபோது வேறுபாடுகள் இவ்வாறுதான் பெருகும். ‘முட்டுநிலை’ என்னும் மதிப்பீடும் புதியதன்று. நியூயார்க் டைம்ஸ் 1967 ஆகஸ்டிலேயே அதை எழுதிவிட்டது. அதே ஆண்டு அக்டோபரில் எடுக்கப்பட்ட காலப் கருத்துக்கணிப்பில், வியட்நாமுக்குப் படை அனுப்பியது தவறு என்றோர் 47 விழுக்காட்டினர். தவறன்று என்றோர் 44 விழுக்காட்டினர். அதாவது கிராங்கைட் மக்களைத் திருப்பவில்லை. மக்கள் திரும்பிய திசையில் அவர் வந்துசேர்ந்தார். தம் தன்வரலாற்றில் அவரே அந்நிகழ்ச்சியின் தாக்கத்தைத் தணித்தே மதிப்பிட்டார்.

‘அமெரிக்காவில் மிகவும் நம்பப்படுபவர்’ என்னும் பட்டத்தின் அடித்தளமும் இவ்வாறே மெலிந்தது. 1972இல் ஆலிவர் குவேல் நிறுவனம் நடத்திய கணிப்பில் அவர் 73 விழுக்காடு பெற்றார் என்பது உண்மை. ஆனால் அவரோடு ஒப்பிடப்பட்டோர் அரசியல்வாதிகள். அரசியல்வாதிகளைவிட ஒரு செய்தியாளர் நம்பத்தக்கவர் என்பது பெருமைதான். பட்டம் சொல்லும் அளவுக்கான பெருமையன்று.

இத்தொன்மம் ஏன் நிலைத்தது என்னும் வினா, அது பொய் என்பதைவிட முதன்மையானது. ஒரு நெறியாளர் வாய்திறந்தால் அரசு அசையும் என்னும் நம்பிக்கை, பின்வந்த நெறியாளர்கள் அனைவருக்கும் உவப்பானது. அது ஒவ்வோர் இரவும் கருத்துக் கூறுவதற்கான முன்மாதிரியாக 1968ஐ மாற்றிவிடுகிறது. உண்மையில் அது முன்மாதிரியாக இருப்பின், அதன் நிபந்தனைகளையும் சேர்த்தே ஏற்க வேண்டும்: களத்திற்கு நேரில் செல்லுதல், அன்றாடச் செய்தி நேரத்திற்கு வெளியே தனி நிகழ்ச்சியில் பேசுதல், கருத்து என்று பெயரிட்டுப் பேசுதல், மறுநாள் மீண்டும் செய்திக்குத் திரும்புதல். நெறியாளர் என்னும் சொல்லைத் தமிழில் இன்று தாங்கி நிற்கும் இரவு விவாதங்களில் இந்நான்கில் ஒன்றையேனும் காண்பது எளிதன்று.

முடிப்பு வாக்கியம்

ஒவ்வொரு நாள் செய்தியின் இறுதியிலும் ‘நிலைமை இதுதான்’ என்னும் பொருளுடைய வாக்கியத்தைச் சொல்லி, அன்றைய தேதியைச் சேர்ப்பது கிராங்கைட்டின் வழக்கம். சி.பி.எஸ். செய்திப்பிரிவின் தலைவராக இருந்த ரிச்சர்டு சாலன்ட் இவ்வாக்கியத்தை விரும்பவில்லை. 22 நிமிடத்தில் உலகம் முழுவதும் அடங்கிவிட்டது என்னும் பிழையற்ற தன்மையை அது உரிமைகொண்டாடுகிறது என்பது அவர் தடை. தடை நியாயமானதே, நாளிதழைப் படியுங்கள் என்று சொன்னவரின் வாயில் இவ்வாக்கியம் பொருந்தவில்லை.

எனினும் கிராங்கைட் அதற்கு ஒரு பயன்பாட்டு விதியை வகுத்திருந்தார். நிகழ்ச்சி கருத்துரையோடு முடியும் நாளில் அவ்வாக்கியத்தைச் சொல்வதில்லை. பிப்ரவரி 27 அன்றும் இரவு வணக்கத்தோடு முடித்துக்கொண்டார். ஒரு வாக்கியத்தின் இன்மையே செய்திக்கும் கருத்துக்கும் இடையிலான எல்லைக்கல்லாக நின்றது. பார்வையாளரில் எத்தனை பேர் அதைக் கவனித்தனர் என்பது வேறு. அவர் தம்மைத் தாம் கண்காணித்துக்கொண்ட கருவி அது.

இவ்வெல்லை திரையில் மட்டுமே நின்றது என்பதையும் கூறவேண்டும். 1968இல் ராபர்ட் கென்னடியைத் தனியே சந்தித்து, அதிபர் தேர்தலில் போட்டியிடுமாறு கிராங்கைட் தூண்டினார் என்று அவர் வரலாற்றை 2012இல் எழுதிய டக்ளஸ் பிரிங்க்லி குறிப்பிடுகிறார். இன்றைய அளவுகோலில் இது கடும் மீறல்; அன்றைய அளவுகோலிலும் மீறலே. நடுநிலை அவருக்கு உள்ளத்தின் இயல்பன்று, பணியின் ஒழுங்கு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. ஒழுங்கு என்பதால் அதன் மதிப்புக் குறைவதுமில்லை.

அவர் பெற்ற நம்பிக்கை முழுவதும் அமைப்பால் விளைந்தது என்போர் உண்டு. மூன்றே வலைப்பின்னல்கள்; ஒலிபரப்பில் இருதரப்புக்கும் இடமளிக்கக் கோரி 1949 முதல் 1987 வரை நடப்பிலிருந்த அரசு ஆணையத்தின் நியாயக் கோட்பாடு; மாலையில் வேறு எதையும் பார்க்க வழியில்லாத குடும்பங்கள். இவ்வாதம் பார்வையாளர் தொகையை நன்கு விளக்குகிறது. அதே மூன்று வலைப்பின்னல்களுக்குள் ஆண்டுக்கணக்கில் பின்தங்கியிருந்தவர் முன்னேறியதை அது விளக்குவதில்லை. வாட்டர்கேட் விவகாரத்தில் 1972 அக்டோபர் 27 அன்று 22 நிமிடத்தில் ஏறத்தாழ 14 நிமிடத்தை ஒரே செய்திக்கு ஒதுக்கியதையும் விளக்குவதில்லை. அச்செய்தியின் இரண்டாம் பகுதி, வெள்ளை மாளிகையின் சார்லஸ் கோல்சன் நிறுவனத் தலைவர் வில்லியம் பேலியிடம் முறையிட்டபின் சுருக்கப்பட்டே வெளிவந்தது. ஆசிரியப் பொறுப்பின் எல்லையும் அங்கே தெரிந்தது. ஆயினும் வாஷிங்டன் போஸ்ட் ஏறக்குறையத் தனித்து எழுதிவந்த ஒன்றை நாடு தழுவிய செய்தியாக்கியது அந்த ஒதுக்கீடே. அதில் கருத்து ஒரு சொல்லும் இல்லை.

1981 மார்ச் 6 அன்று அவர் விடைபெற்றார்; டேன் ரேதர் அடுத்து வந்தார். பின்னர் 2009 ஜூலை 17 அன்று மறையும்வரை அவர் கருத்துகளை மறைக்கவில்லை. போதைப்பொருள் ஒழிப்புக் கொள்கையைக் கண்டித்தார். 2006இல் ஈராக்கிலிருந்து அமெரிக்கா வெளியேற வேண்டும் என்றார். 1968இல் சொன்னதற்கு நிகரான கருத்துதான் அது. ஆனால் செய்தியாகப் பதிவாகி ஓரிரு நாளில் மறைந்தது. சொன்னவர் அதே மனிதர். அன்றாடம் கருத்தைத் தவிர்த்துவந்த மேசை மட்டுமே பின்னால் இல்லை.

அவர் வகுத்த எல்லை அவரையும் அறியாமல் கலைந்த இடம் ஒன்றுண்டு. 1979 நவம்பர் 4 அன்று டெஹ்ரானில் அமெரிக்கத் தூதரகம் கைப்பற்றப்பட்டது. 1980இன் தொடக்கத்திலிருந்து, முடிப்பு வாக்கியத்தோடும் தேதியோடும், பணயக்கைதிகள் சிறைப்பட்டு எத்தனையாவது நாள் என்பதையும் கிராங்கைட் சேர்த்துச் சொல்லத் தொடங்கினார். எண்ணிக்கை பிழையற்றது, அதில் அடைமொழி இல்லை, குரலில் சினம் இல்லை. ஆகவே முடிப்பு வாக்கியத்தை விலக்க வேண்டிய தேவையை அவர் காணவில்லை. தம் விதிப்படி அது செய்தி. ஆனால் தேர்தல் ஆண்டு முழுவதும் இரவுதோறும் கூடிச்சென்ற அவ்வெண், அதிபர் ஜிம்மி கார்ட்டரின் இயலாமையைப் பற்றிய தொடர் கருத்துரையாகவே நாட்டின் காதில் விழுந்தது. கார்ட்டர் தேர்தலில் தோற்றார். 1981 ஜனவரி 16 அன்று, பதவியின் இறுதி நாள்களில், கிராங்கைட்டுக்கு அதிபரின் சுதந்திரப் பதக்கத்தை வழங்கியவரும் அவரே. கைதிகள் விடுவிக்கப்பட்டது ஜனவரி 20 அன்று. எண்ணிக்கை 444இல் நின்றது.